இருப்புப்பாதை இட்ட கைகள்: ஐக்கிய மலாய் மாநில இரயில்வேயின் வரலாறும் நம் முன்னோரும்

திருவிழா மலரில் இரயில் வண்டியின் வரலாறு எதற்கு என்று மெய்யன்பர்களுள் சிலர் வினவக்கூடும். தல வரலாறும் திருமுறை விளக்கமும் இடம்பெறும் ஏடுகளின் நடுவே தண்டவாளத்திற்கு என்ன இடம் என்று கேட்பது நியாயமே. ஆயினும், இந்நாட்டின் மேற்குக் கரையில் தமிழர் எழுப்பிய கோயில்கள் எங்கெங்கு அமைந்துள்ளன என்று ஒரு நிலப்படத்தில் புள்ளியிட்டுப் பார்ப்போமாயின், அப்புள்ளிகளுள் பெரும்பகுதி தோட்டங்களையும் இருப்புப்பாதையையும் ஒட்டியே நிற்பதைக் காண்போம். நம் முன்னோர் கப்பலை விட்டு இறங்கிய இடம் பினாங்கு. அங்கிருந்து அவர்களை நாடெங்கும் கொண்டு சென்றது இரயில். அவர்கள் சென்ற இடமெல்லாம் தெய்வமும் உடன் சென்றது. ஆகவே இருப்புப்பாதையின் வரலாறு நம் ஆலயங்களின் வரலாற்றுக்கு முன்னுரை போன்றது என்று கூறினால் அது மிகையாகாது.

ஈயம் தேடிய பாதை

மலாயாவில் இருப்புப்பாதை பயணிகளின் வசதிக்காகத் தோன்றவில்லை, ஈயத்திற்காகவே தோன்றியது. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர் பேராக் மாநிலத்தில் ஆங்கிலேய ஆலோசகர் ஆட்சி ஏற்பட்டது. லாருட் வட்டாரத்து ஈயலம்பங்களில் எடுக்கப்பட்ட ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு செல்வது அக்காலத்தில் பெரும் துன்பமாக இருந்தது. மழை பெய்தால் மாட்டுவண்டிகள் சேற்றில் புதைந்தன. பல இடங்களில் யானைகளே சுமை தூக்கின. எனவே, தைப்பிங் நகரத்திலிருந்து போர்ட் வெல்டு என்னும் கடற்கழித் துறை வரை ஏறத்தாழ 8 மைல் நீளத்திற்கு ஓர் இருப்புப்பாதை அமைக்க முடிவாயிற்று. அப்போது பேராக்கின் ஆலோசகராக இருந்தவர் சர் ஹியூ லோ. துறைக்கு இடப்பட்ட பெயரோ ஆளுநர் சர் பிரெடரிக் வெல்டின் பெயர்.

அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையின் இரண்டு பிரிவுகள் வரவழைக்கப்பட்டன. சாலை வெட்டுவதிலும் மண் அணைப்பதிலும் இலங்கை மலைநாட்டில் பழகிய கைகள் அவை. சதுப்பு நிலத்திலும் கண்டல் காட்டிலும் மண்ணைக் கொட்டி உயர்த்தி, அதன் மேல் கட்டைகளைப் பரப்பி, ஒரு மீட்டர் அகலத்தில் தண்டவாளத்தைப் பதித்தனர். 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் மலாயாவின் முதல் இரயில் அப்பாதையில் ஓடியது. இந்நாட்டு இருப்புப்பாதையின் முதல் மைலிலேயே இலங்கையிலிருந்து வந்த தொழிலாளரின் வியர்வை கலந்துள்ளது என்பதை நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1886ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை சிலாங்கூர் அரசு ஒரு பாதையைத் திறந்தது. 1891ஆம் ஆண்டு சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சன் வரை மற்றொன்று திறக்கப்பட்டது. 1893ஆம் ஆண்டு தெலுக் ஆன்சனிலிருந்து தாப்பா ரோடு வரை ஒன்று அமைந்து, பின்னர் ஈப்போ வரை நீண்டது. இந்நான்கு பாதைகளையும் நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை. ஒவ்வொன்றும் ஈயம் கிடைக்கும் உள்நாட்டிலிருந்து அருகிலுள்ள துறைமுகத்திற்குக் கிழக்கு மேற்காகச் செல்வது. தைப்பிங்கிலிருந்து கோலாலம்பூர் செல்ல வேண்டியவர் அக்காலத்தில் கடல்வழியாகத்தான் சென்றாக வேண்டும்.

தெலுக் ஆன்சன் பாதையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கு நினைவுகூரத்தக்கது. 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், தன் கூட்டத்தைக் காக்க எண்ணிய ஒரு காட்டு யானை, வந்துகொண்டிருந்த இரயிலை எதிர்த்துப் பாய்ந்து அதனைத் தடம் புரளச் செய்து தானும் மாண்டது. அந்த யானையின் நினைவாக அவ்விடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நாட்டப்பட்டது. ஆனைமுகனை முதலில் வணங்கி எச்செயலையும் தொடங்கும் நமக்கு இந்நிகழ்ச்சி உள்ளத்தைத் தொடுவதாகும். ஆனால், அதே பாதைகளில் காய்ச்சலாலும் மண்சரிவாலும் மாண்ட மனிதர்க்கு அத்தகைய பலகை ஒன்றும் நாட்டப்பட்டதாகத் தெரியவில்லை என்பதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

கும்பினியா, அரசா?

இந்தியாவில் இரயில் பாதைகளை முதலில் அமைத்தவை பெரும்பாலும் தனியார் கும்பினிகள். சென்னை மாகாணத்தில் நம் முன்னோர் ஏறி வந்த தென்னிந்திய இரயில்வேயும் ஒரு கும்பினியே. மலாயாவில் நிலைமை வேறு. சிரம்பான் – போர்ட் டிக்சன் பாதை ஒன்றே தனியார் கும்பினியால் நடத்தப்பட்டது. அதுவும் 1908ஆம் ஆண்டு அரசால் வாங்கப்பட்டுவிட்டது. மற்றவை மாநில அரசுகள் தம் வருவாயிலிருந்து, முதன்மையாக ஈயத்தின் மீது விதித்த தீர்வையிலிருந்து, அமைத்தவை.

1896ஆம் ஆண்டு பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஐக்கிய மலாய் மாநிலங்கள் என ஒன்றிணைந்தன. அதன் முதல் தலைமை ஆலோசகரான சர் பிராங்க் சுவெட்டன்ஹாம், சிதறிக் கிடந்த பாதைகளை வடக்குத் தெற்காக ஒரே நெடும்பாதையாக இணைக்க வேண்டும் என்று முனைந்தார். அம்முயற்சியின் பயனாக 1901ஆம் ஆண்டு பேராக், சிலாங்கூர் மாநில இரயில்வேக்கள் ஒன்றாக்கப்பட்டு, ஐக்கிய மலாய் மாநில இரயில்வே என்னும் நிறுவனம் பிறந்தது. அதன் முதல் தலைமை மேலாளர் சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர். இவர் முன்னர் இலங்கைப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழரின் திறமையை நேரில் அறிந்தவர் தலைமைப் பொறுப்பில் இருந்தது, அவர்கள் பெருந்தொகையாக இந்த இரயில்வேயில் சேர்வதற்கு வாய்ப்பாக அமைந்தது.

பிறைக்கு வந்த இரயில்

பினாங்கு அன்று ஐக்கிய மலாய் மாநிலங்களில் சேர்ந்ததன்று. சிங்கப்பூர், மலாக்காவோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாக இருந்தது. எனினும் பெருங்கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் வடக்கே பினாங்கு ஒன்றே. ஆகவே, நெடும்பாதையின் வடமுனை பினாங்குத் தீவுக்கு எதிரே, வெல்லெஸ்லி மாநிலத்தின் பிறை ஆற்றங்கரையில் அமைய வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறைக்கும் புக்கிட் மெர்தாஜத்திற்கும் இடையே பாதை இடப்பட்டது. அங்கிருந்து சிம்பாங் அம்பாட், நிபோங் தெபால், பாரிட் புந்தார், பாகான் செராய் வழியாகத் தைப்பிங்கை நோக்கி அது தெற்கே சென்றது. இவ்வூர்ப் பெயர்களைப் படிக்கும்போதே நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டியின் நினைவு எழும். நிபோங் தெபால் வட்டாரத்தில் அதற்கு முன்பே கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்துக்கொண்டிருந்தனர். கரும்பு மறைந்து இரப்பர் வந்தபோது, இரயில் அவர்களுக்கு வெளியுலகத்தின் வாயிலாயிற்று.

தைப்பிங்குக்கும் பாடாங் ரெங்காசுக்கும் இடையேயுள்ள புக்கிட் பெராப்பிட் மலைத்தொடர் இப்பணியின் கடினமான பகுதி. அங்கு மலையைக் குடைந்து சுரங்கங்கள் அமைத்தனர். அதனைக் கடந்தால் பேராக் ஆறு. காராய் என்னும் இடத்தில் அதன் குறுக்கே விக்டோரியா பாலம் கட்டப்பட்டது. 1897ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய வேலை 1900ஆம் ஆண்டு முடிந்து, பேராக் சுல்தான் இத்ரிஸ் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேல் இரயில்களைத் தாங்கிய அப்பாலம், பக்கத்தில் புதிய பாலம் அமைந்த பின்னும் இன்றளவும் நிற்கின்றது.

1903ஆம் ஆண்டில் பிறை முதல் சிரம்பான் வரை இடைவெளியின்றி இரயில் ஓடத் தொடங்கியது. 1909ஆம் ஆண்டு ஜொகூர் மாநிலப் பாதை முடிந்து, பிறையில் ஏறியவர் ஜொகூர் பாரு வரை செல்லலாம் என்ற நிலை உண்டாயிற்று. வடக்கே கெடா, பெர்லிஸ் வழியாகச் சென்ற கிளை 1918ஆம் ஆண்டு பாடாங் பெசாரில் சயாம் இரயில்வேயோடு இணைந்தது. 1923ஆம் ஆண்டு ஜொகூர் நீரிணையின் குறுக்கே அணைப்பாலம் அமைந்ததும் இரயில் சிங்கப்பூருக்குள்ளும் நுழைந்தது. கெமாசிலிருந்து தும்பாட் வரையிலான கிழக்குக் கரைப் பாதை 1931ஆம் ஆண்டு நிறைவுற்றபோது, இந்த இரயில்வேயின் பாதை ஆயிரம் மைலுக்கு மேல் நீண்டிருந்தது. நாற்பத்தாறு ஆண்டுகளில் 8 மைல் ஆயிரம் மைலாக வளர்ந்தது.

இவ்வளர்ச்சியைப் பினாங்கு வணிகர் முழு மகிழ்ச்சியோடு வரவேற்றனர் என்று கூறுவதற்கில்லை. இரயில் வருமுன் பேராக்கின் ஈயமும் பிற பொருள்களும் கடல்வழியாகப் பினாங்கையே வந்தடைந்தன. 1901ஆம் ஆண்டு கிள்ளான் ஆற்று முகத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அது இரயில்வேயின் சொந்தத் துறைமுகம் போன்றது. சரக்குக் கட்டணம் அத்துறைமுகத்திற்குச் சாதகமாகவும் பினாங்குக்குப் பாதகமாகவும் விதிக்கப்படுகின்றது என்று இங்குள்ள வணிகர் மன்றத்தார் பலகாலம் முறையிட்டு வந்தனர். ஒரு பாதை ஓர் ஊரை வாழ்விக்கும். மற்றோர் ஊரின் வாழ்வைத் திசை திருப்பவும் செய்யும்.

இரயில் இல்லாத இரயில் நிலையம்

ஜார்ஜ் டவுனின் வெல்டு கடற்கரைச் சாலையில் மணிக்கூண்டோடு கம்பீரமாக நிற்கும் வெண்ணிறக் கட்டடத்தை அறியாத அன்பர்கள் இரார். பின்னாளில் சுங்கத் துறையின் அலுவலகமாக விளங்கி விஸ்மா கஸ்தம் என்று பெயர்பெற்ற அது, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஐக்கிய மலாய் மாநில இரயில்வேக்காக எழுந்த கட்டடமாகும். பினாங்குத் தீவில் அந்த இரயில்வேயின் நெடும்பாதை ஓரடி கூட இல்லை. ஆனால் நிலையம் மட்டும் இருந்தது. பயணிகள் இங்கே சீட்டு வாங்கி, படகேறி நீரிணையைக் கடந்து, பிறையில் வண்டி ஏறுவர். தண்டவாளம் இல்லாத இரயில் நிலையம் என்று வெளிநாட்டவர் இதனை வியப்போடு குறிப்பிட்டனர்.

தைப்பூசக் காலத்தில் பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் தண்ணீர்மலைக்கு வந்த அடியார்களுக்கு இரயிலும் படகுமே வழியாயின. காவடிக்குரிய பொருள்களையும் பிள்ளைகளையும் சுமந்துகொண்டு பிறையில் இறங்கி, படகுக்காகக் காத்திருந்து, விடியலில் தீவை அடைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இம்மலரைப் படிப்போருள் பலர் இருப்பர்.

தீவில் தண்டவாளமே இல்லை என்று கூறினாலும், கொடிமலையின் மலை இரயிலை மறந்துவிடலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருமுறை முயன்று தோல்வியுற்ற திட்டம் அது. பின்னர், ஐக்கிய மலாய் மாநில இரயில்வேயின் பொறியாளர் ஆர்னால்டு ஜான்சன் என்பவர் சுவிட்சர்லாந்து சென்று மலை இரயில்களை ஆராய்ந்து திரும்பி, புதிய முறையில் அதனை அமைத்தார். மேலே ஒரு வண்டியும் கீழே ஒரு வண்டியும் ஒரே வடத்தில் கட்டப்பட்டு, ஒன்றின் எடை மற்றொன்றை இழுக்க உதவும் ஏற்பாடு அது. 1923ஆம் ஆண்டு இறுதியில் ஓடத் தொடங்கிய அவ்வண்டி 1924ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. இடையில் வண்டி மாறும் பழைய முறை 2010ஆம் ஆண்டு வரை நீடித்தது. 2011ஆம் ஆண்டு முதல் புதிய வண்டிகள் நேரே உச்சிக்குச் செல்கின்றன.

யார் இட்ட பாதை?

இனி, இக்கட்டுரையின் உயிர்நாடியான வினாவுக்கு வருவோம். பொறியாளர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. ஆளுநர்களின் பெயர்கள் துறைமுகங்களுக்கும் தெருக்களுக்கும் இடப்பட்டன. மண்ணை வெட்டியவர் யார்? சல்லிக்கல்லைச் சுமந்தவர் யார்?

அவருள் மிகப் பெரும்பாலோர் தென்னாட்டுத் தமிழர். தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு, தென்னார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்குத் துறையை அடைந்தவர்கள். தொடக்கத்தில் சஞ்சிக் கூலிகளாக ஒப்பந்தத்தின் பேரில் வந்தனர். 1910ஆம் ஆண்டு சஞ்சி முறை ஒழிக்கப்பட்ட பின்னர் கங்காணிகளின் மூலம் வந்தவர்களே மிகுதி. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி அவர்களின் கப்பற் செலவை ஏற்றது. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு அத்தகைய உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை இந்த ஓட்டம் நிற்கவில்லை. 1926ஆம் ஆண்டு முதல் ஓடிய ரஜுலா கப்பலின் பெயர் நம் வீடுகளில் இன்றும் உறவினர் பெயர்போல் ஒலிக்கின்றது.

கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டனர். அதன்பின் அக்கரை சென்று இரயிலேறினர். வந்த சிலர் தோட்டத்திற்குச் சென்றனர். சிலர் பொதுப்பணித் துறைக்குச் சாலை போடச் சென்றனர். சிலர் அவ்விரயிலுக்கே பாதை போடச் சென்றனர்.

இரயில்வேயில் தமிழரிடையேயும் இரு நிலைகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்தில் மிஷனரிப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்தோர் நிலைய அதிகாரிகளாகவும், கணக்கர்களாகவும், தந்தி இயக்குவோராகவும் அமர்ந்தனர். தமிழகத்திலிருந்து வந்த பாட்டாளிகள் பாதைக் கூலிகளாக வெயிலில் நின்றனர். ஒரே மொழி பேசினர். ஒரே தெய்வத்தை வணங்கினர். ஆயினும் வாழ்ந்த வீடும் நடந்த வழியும் வேறாகவே இருந்தன. மலையாளிகளும் தெலுங்கர்களும் பஞ்சாபியரும் இந்த இரயில்வேக்குத் தந்த உழைப்பும் சிறிதன்று.

பாதைக் கூலியின் வேலை ஒருநாளில் முடிவதன்று. இந்நாட்டு மழையில் மண் கரையும், சல்லி இறங்கும், கட்டைகள் உளுக்கும். வெயிலில் இரும்பு நீளும். ஆகவே பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கூட்டத்தாரை அமர்த்தி, அவர்களுக்கு மேல் ஒரு கங்காணியை வைத்தனர். நாள்தோறும் ஒருவர் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, தளர்ந்த ஆப்புகளைத் தட்டி இறுக்கிச் செல்வார். நள்ளிரவில் நாம் நிம்மதியாக உறங்கிக்கொண்டு பயணம் செய்ததற்குப் பின்னால், பகலில் அப்படி நடந்த ஒரு மனிதரின் கால்கள் இருந்தன.

நோயும் அவர்களை விடவில்லை. போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்ட 1901ஆம் ஆண்டிலேயே அங்கு மலேரியாக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. டாக்டர் மால்கம் வாட்சன் அவர்கள் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டிக் கொசுக்களை ஒழித்த பின்னரே அத்துறைமுகம் உயிர் பிழைத்தது. வடிகாலை வெட்டியவரும் கூலிகளே.

பாதையோரத்துத் தெய்வங்கள்

இரயில்வே குடியிருப்பு எங்கெல்லாம் அமைந்ததோ அங்கெல்லாம் ஒரு கோயில் தோன்றியது. கோலாலம்பூரின் செந்தூலில் இரயில்வேயின் மத்தியப் பட்டறை அமைந்ததும், செந்தூல் தமிழர் ஊராயிற்று. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் யாழ்ப்பாணத் தமிழர் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். தொலைவில் சிங்கப்பூரில், குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தின் பக்கத்தில் இரயில்வேத் தொழிலாளர் குடும்பங்கள் 1932ஆம் ஆண்டு முனீஸ்வரனுக்கு ஒரு சிறு குடில் அமைத்தனர். அது இன்று பெரிய ஆலயமாக விளங்குகின்றது.

அலுவலகத்தில் இருந்தோர் ஆகம முறைப்படி கோயில் கட்டினர். பாதையில் நின்றோர் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, முனியாண்டியாகவும் மாரியாகவும் வழிபட்டனர். இரயிலோட்டுபவர் அவ்விடத்தைக் கடக்கும்போது ஒரு கணம் கையெடுத்துக் கும்பிடுவது வழக்கம் என்று முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். அன்று நட்ட கல்லே பல ஊர்களில் இன்று கோபுரமாக உயர்ந்துள்ளது. திருவிழாச் செலவுக்கு மாதச் சம்பளத்தில் சிறிது பிடித்துக் கொடுத்த அந்த ஏழைத் தொழிலாளர்களே அக்கோயில்களின் முதல் நிர்வாகக் குழுவினர் என்று கூறலாம்.

சயாம் சென்ற வண்டிகள்

இவ்வரலாற்றில் எழுதக் கைநடுங்கும் பகுதி ஒன்று உண்டு. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் சப்பானியர் மலாயாவினுள் புகுந்தனர். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க அவர்கள் 1942ஆம் ஆண்டு ஓர் இருப்புப்பாதை வேலையைத் தொடங்கினர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு நேச நாட்டுப் போர்க்கைதிகளோடு ஆசிய நாட்டுத் தொழிலாளர்களும் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றவருள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நல்ல கூலி உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசைகாட்டி அழைத்தனர். பின்னர் வலிந்து பிடித்தனர்.

அவர்களை ஏற்றிச் சென்ற சரக்கு வண்டிகள் எந்தப் பாதையில் ஓடின? அவர்களின் தந்தையரும் பாட்டனாரும் இட்ட அதே பாதையில், பாடாங் பெசார் வழியாக ஓடின. இங்குள்ள கிழக்குக் கரைப் பாதையின் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டு, அத்தண்டவாளங்களும் அங்கே கொண்டு செல்லப்பட்டன. தமிழன் பதித்த இரும்பைப் பெயர்த்து, தமிழனையே சுமக்கவைத்து, அவனது கல்லறையின் மேல் மீண்டும் பதித்தார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் பல்லாயிரவர் மாண்டனர். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களுள் பலர் திரும்பவில்லை. அதனை நம் மக்கள் சயாம் மரண இரயில் என்றே அழைக்கின்றனர்.

காஞ்சனபுரியில் உள்ள போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாகப் பேணப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய கல்லுண்டு. நம்மவர்க்கு அவ்வாறு தனித்தனிக் கல்லறைகள் அமையவில்லை. எத்தனை பேர் என்ற கணக்கிலும் ஆய்வாளர் ஒத்துப்போவதில்லை. அண்மை ஆண்டுகளில்தான் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் அங்கு அவர்களுக்கு ஒரு நடுகல் எழுந்தது. ஆடி அமாவாசையில் முன்னோர்க்கு நீர்க்கடன் செய்யும்போது, பெயர் தெரியாத இவர்களையும் நினைந்து ஒரு கை எள்ளும் நீரும் விடுவது நம் கடமையாகும்.

போருக்குப் பின்

போர் முடிந்தபின் இரயில்வே மலாயன் இரயில்வே என்ற பெயரில் இயங்கியது. நாளடைவில் கெரெத்தாப்பி தானா மெலாயு என்னும் மலாய்ப் பெயர் நிலைத்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் வண்டிகள் பலமுறை தாக்கப்பட்டன. அந்நாள்களிலும் தொழிலாளர் வேலைக்குச் சென்றுகொண்டுதான் இருந்தனர். 1957ஆம் ஆண்டு முதல் டீசல் இயந்திரங்கள் வந்தன. நீராவி வண்டிகள் மெல்ல மறைந்தன. 1962ஆம் ஆண்டின் இறுதியில் நாட்கூலி பெற்ற தொழிலாளரின் நிலையை உயர்த்த வேண்டி நாடு தழுவிய இரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. கங்காணியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்ற மக்கள், சங்கமாகச் சேர்ந்து உரிமை கேட்கும் மக்களாக வளர்ந்துவிட்டனர் என்பதற்கு அது சான்று.

1967ஆம் ஆண்டு பிறை ஆற்றின் குறுக்கே பாலம் அமைந்து, இரயில் பட்டர்வொர்த் வரை வந்தது. 1985ஆம் ஆண்டு பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபின் படகுப் பயணம் குறைந்தது. முதற்பாதையான தைப்பிங் – போர்ட் வெல்டு பாதை 1980களில் அகற்றப்பட்டது. அவ்வூர் இன்று கோலா செப்பேத்தாங். அங்கே தண்டவாளம் இல்லை. ஆனால் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை இன்னும் நிற்கின்றது. அதில் மற்ற மொழிகளோடு தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதப்பட்டுள்ளது. இந்நாட்டின் முதல் இருப்புப்பாதையின் எஞ்சிய அடையாளத்தில் தமிழ் எழுத்து இருப்பது தற்செயலன்று.

1992ஆம் ஆண்டு இரயில்வே நிறுவனமயமாக்கப்பட்டது. ஈப்போவுக்கு வடக்கே மின்சார இருவழிப்பாதை 2014ஆம் ஆண்டு முடிவுற்று, அடுத்த ஆண்டு முதல் விரைவு வண்டிகள் பாடாங் பெசார் வரை ஓடுகின்றன. புக்கிட் பெராப்பிட்டில் பழைய சுரங்கங்களுக்குப் பதிலாக 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கம் அமைந்துள்ளது. 2010ஆம் ஆண்டு முதல் மின்சார இரயில் பத்துமலையின் அடிவாரம் வரை செல்வதால், தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கான அடியார்கள் இரயிலிலேயே சென்று முருகனை வழிபட முடிகின்றது.

நாம் செய்யக்கூடியவை

அரசுப் பணியில் கோப்புகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்றைக் கூற விழைகின்றேன். எழுதி வைக்கப்படாத செய்தி கோப்பில் இடம்பெறாது; கோப்பில் இல்லாத செய்தியை முப்பது ஆண்டுகளுக்குப் பின் யாரும் மெய்ப்பிக்க இயலாது. இரயில்வே நிலத்தில் எழுந்த கோயில்கள் பலவற்றுக்கு நிலப்பத்திரம் இல்லை. வாய்மொழியாக ஓர் அதிகாரி தந்த அனுமதியே அவற்றின் அடித்தளம். பாதை விரிவாக்கம் போன்ற பணிகள் வரும்போது, அக்கோயில் எப்போது தோன்றியது, யாரால் தோன்றியது என்பதற்குச் சான்று கேட்கப்படுகின்றது. அப்போது நம்மிடம் இருப்பது முதியோரின் நினைவு மட்டுமே. முதியோரோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.

ஆகவே ஆலய நிர்வாகத்தாருக்கும் அன்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, தந்தையோ பாட்டனாரோ இரயில்வேயில் பணியாற்றியிருப்பின், அவர்களின் பணிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, ஓய்வூதியக் கடிதம், நிழற்படம் ஆகியவற்றைக் குப்பையில் எறிந்துவிடாமல் ஒரு படி எடுத்து ஆலய அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். இரண்டாவது, எழுபது வயதைக் கடந்த பெரியோரிடம் நம் பிள்ளைகளை அமர்த்தி, அவர்கள் எந்த நிலையத்தில், எந்தக் குடியிருப்பில் வாழ்ந்தனர், அங்கிருந்த கோயிலின் பெயர் என்ன என்று கேட்டு எழுதச் செய்யலாம். தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இதைவிடச் சிறந்த கட்டுரைப் பயிற்சி வேறில்லை. மூன்றாவது, சயாமுக்குச் சென்று திரும்பாதவர்களின் பெயர்களைக் குடும்பந்தோறும் திரட்டி, ஒரு பட்டியலாக ஆலயத்தில் வைக்கலாம். ஆண்டுக்கொருமுறை அப்பெயர்களைப் படித்து அர்ச்சனை செய்தால், எண்பது ஆண்டுகளாகக் காத்திருக்கும் அவ்வுயிர்களுக்கு ஓரளவேனும் ஆறுதல் கிட்டும்.

திருவிழாவன்று இரதம் வீதியில் வரும்போது வடம் பிடிக்கும் ஆயிரம் கைகளில் எவர் கை முன்னே, எவர் கை பின்னே என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. இந்நாடு என்னும் தேரை இழுத்த கைகளுள் நம் முன்னோரின் கைகளும் உண்டு. அக்கைகளின் பெயர்களை எழுதி வைப்போம். எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் துணைபுரிவானாக.